மாஸ்டர்ஸ் நீச்சலில் டெக் சூட்: விதி எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது?

வயதுவந்தோருக்கான மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிக்கு முதன்முறையாகப் பெயர் கொடுக்கும் சேலத்துக்காரர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டெக் சூட் இல்லாமல் போனால் நீந்த விடுவார்களா?" விடுவார்கள். டெக் சூட் என்பது உடலை இறுக்கிப் பிடிக்கும்படி போட்டிக்கென்றே செய்த நீச்சலுடை. அதை அணிந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எதை அணியக் கூடாது என்பதில்தான் விதி கறாராக இருக்கிறது. அது தெரியாமல், காந்தி மைதானத்து நீச்சல் குளத்தில் அணிந்து பழகிய உடையோடு வெளியூர்ப் போட்டிக்குப் போய், நீந்தும் முறை வந்த நேரத்தில் ஓரமாக நிற்க நேர்ந்தால் மனம் நொந்துபோகும். பல மாத உழைப்பு ஒரு ஜிப்பினால் வீணாகக் கூடாது.

மாஸ்டர்ஸ் பிரிவு 25 வயதில் தொடங்குகிறது. 25 முதல் 29, 30 முதல் 34 என்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்துக்கொண்டே போவார்கள். மேலே வயது வரம்பு கிடையாது. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. உலக அளவில் விதிகளை வகுப்பது வேர்ல்டு அக்வாடிக்ஸ். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஃபினா என்ற பெயரில் இருந்த அதே அமைப்பு. நம் நாட்டில் இந்திய நீச்சல் சம்மேளனமும் தமிழ்நாட்டில் மாநில நீச்சல் சங்கமும் அந்த விதிகளை ஒட்டியே போட்டிகளை நடத்துகின்றன. உடையைப் பொறுத்தவரை ஒலிம்பிக் வீரருக்கும், அம்மாப்பேட்டையிலிருந்து வரும் ஐம்பத்தெட்டு வயது ஆசிரியைக்கும் அளவுகோல் ஒன்றுதான். மூத்தவர்கள் என்பதற்காகச் சலுகையும் இல்லை, தடையும் இல்லை. இந்தச் சமத்துவம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இவ்வளவு கறார் எதற்கு என்பதை அறிய 2008-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் எல்இசட்ஆர் ரேசர் என்ற உடையைக் கொண்டுவந்தது. துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளாலான பட்டைகள். தையலே இல்லாமல் மீயொலியால் ஒட்டிய இணைப்புகள். பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நிகழ்ந்த 25 உலக சாதனைகளில் 23 இந்த உடைக்குள் இருந்தவர்களுடையவை. அடுத்த ஆண்டு ஸ்பீடோவோடு போட்டியிட்ட நிறுவனங்கள் முழுக்க முழுக்கப் பாலியூரித்தேனிலேயே உடை செய்தன. 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. அங்கே 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸை ஜெர்மனியின் பால் பீடர்மன் தோற்கடித்தார். அவருடைய ஒரு நிமிடம் 42.00 விநாடி, 15 ஆண்டுகளுக்குப் பின்னும் முறியடிக்கப்படாமல் நின்றது. அந்த உடைகள் உடலை இறுக்கியதோடு நிற்காமல் மிதக்கவும் வைத்தன. நீந்தியது மனிதரா உடையா என்ற கேள்வி எழுந்தது. 2010 ஜனவரி 1 முதல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது.

அந்த விதிப்படி, குளப் போட்டியில் ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலே ஏறக் கூடாது, முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்களின் உடை தோளிலிருந்து முழங்கால்வரை இருக்கலாம். கழுத்தை மூடக் கூடாது, தோளைத் தாண்டிக் கை இருக்கக் கூடாது. ஜிப், கொக்கி, ஒட்டும் பட்டை எதுவும் ஆகாது. ஆண்களின் ஜாமரில், அதாவது முழங்கால்வரை இறுகப் பிடிக்கும் நீச்சல் கால்சட்டையில், இடுப்புக் கயிறு மட்டும் விதிவிலக்கு. ஒரே ஓர் உடைதான், இரண்டை அடுக்கிப் போடக் கூடாது. உள்ளே ஜட்டி, மேலே ஜாமர் என்று அணிகிற பழக்கம் நம் ஊரில் பலருக்கு உண்டு. போட்டியன்று அதை விட்டுவிடுங்கள். கையிலும் காலிலும் பட்டை கட்டிக்கொள்வது, உடம்பில் டேப் ஒட்டிக்கொள்வது ஆகியவையும் ஏற்கப்படுவதில்லை. தலைக்கு இரண்டு தொப்பிவரை போடலாம்.

துணி விஷயம் தறிச் சத்தத்தில் வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு எளிதில் பிடிபடும். பயிற்சிக்கு அணியும் சாதாரண நீச்சலுடை, திருப்பூர் பனியனைப் போலப் பின்னலாடை. இழுத்தால் நாலாபுறமும் நீளும். உயர்ரக டெக் சூட் பெரும்பாலும் பாவும் ஊடையும் ஓடும் நெசவுத் துணி; அவ்வளவாக நெகிழாது. அந்த விறைப்புதான் தொடையையும் இடுப்பையும் ஒரே வடிவில் பிடித்து வைக்கிறது. மேலே நீர் ஒட்டாத பூச்சு இருக்கும். புதிய சூட்டின் மேல் நீர் தெளித்தால் துளிகள் ஊறாமல் உருண்டு ஓடுவதைப் பார்க்கலாம். இவை எல்லாம் விதிக்கு உட்பட்டவையே. ஆனால் பொருள் நெய்த அல்லது பின்னிய துணியாகத்தான் இருக்க வேண்டும், தடிமன் 0.8 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மிதக்கும் விசை 0.5 நியூட்டனுக்கு மேல் போகக் கூடாது, அதாவது ஏறக்குறைய ஐம்பது கிராம் எடையைத் தாங்கும் அளவு. ஒரு சதுர மீட்டர் துணி வழியாக விநாடிக்கு 80 லிட்டருக்கு மேல் காற்று ஊடுருவ வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. பாலியூரித்தேன் உடைகளை வெளியேற்றியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. காற்றைச் சிறைப்பிடிக்காத உடை, நீந்துபவரைத் தூக்கிப் பிடிக்காது.

இதையெல்லாம் நீங்கள் அளந்து பார்க்க வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற உடையின் பின்புறத்தில் சிறிய முத்திரையும் அதில் ஒரு குறியீடும் இருக்கும். பழைய உடைகளில் ஃபினா என்று இருக்கும். அந்த மாதிரி பட்டியலில் இருக்கிறதா என்று வேர்ல்டு அக்வாடிக்ஸ் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். முத்திரை உள்ள உடை எல்லாமே விலை உயர்ந்தது என்று எண்ண வேண்டாம்; எளிய ஜாமர்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அங்கீகரித்த உடையை வெட்டித் தைத்து அளவு மாற்றினால் அங்கீகாரம் போய்விடும். நமக்குத் தெரிந்த நல்ல தையல்காரர் பக்கத்திலேயே இருந்தாலும் இந்த உடையை அவரிடம் கொடுக்கக் கூடாது.

இங்கே பெண்களுக்காகச் சற்று நின்று சொல்ல வேண்டும். கணுக்கால்வரை கால், முழுக்கை, முன்னால் ஜிப் வைத்த உடையில்தான் நம் பக்கத்துப் பெண்கள் பலர் நீந்தக் கற்கிறார்கள். பயிற்சியில் அதை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் மேலே சொன்ன விதியோடு அது மூன்று இடங்களில் மோதுகிறது. அந்த உடையில் நீர் புகுந்து இழுப்பதால் வேகம் குறையுமே தவிர எந்த ஆதாயமும் இல்லை. இருந்தும் எழுத்தில் உள்ள விதி அதுதான். மதம், உடல்நலம், கூச்சம் எந்தக் காரணத்தால் உடலை மூட வேண்டியிருந்தாலும், பெயர் கொடுக்கும்போதே போட்டி அமைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டியன்று காலையில் நடுவரிடம் கெஞ்சும் நிலைக்குப் போகாதீர்கள். உடை ஒன்றின் பொருட்டு ஒரு பெண் போட்டிக்கே வராமல் இருந்துவிடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அமைப்பாளர்களும் இதைச் சுற்றறிக்கையிலேயே தெளிவாக அச்சிட வேண்டும்.

டெக் சூட் வாங்கலாமா? உச்ச ரக உடை வெளிநாட்டில் 500 டாலரைத் தொடுகிறது. சில போட்டிகள் முடிந்ததும் நீர் ஒட்டாத தன்மை மங்கத் தொடங்கும். குளோரின் இறுக்கத்தையும் தின்னும். திருப்பமும் தொடக்கப் பாய்ச்சலும் இன்னும் சீராகாத ஒருவர் அந்தப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. நன்றாக நீந்தி, சொந்த நேரத்தைக் குறைக்கத் துடிப்பவருக்கு உடை உதவும். வயதோடு தசை தளர்ந்தவர்களுக்கு அந்த இறுக்கம் இடுப்பைத் தாழவிடாமல் பிடிக்கிற உணர்வைத் தரும். ஆனால் அணிவது சாதாரண வேலையல்ல. காலில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டி வழுக்கவிட்டு, நகம் படாமல் விரல் நுனியால் அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும். கால் மணி நேரம் சர்வசாதாரணமாக ஆகும். முழங்கால், தோள், முதுகு வலி உள்ளவர்கள் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டார், மலைக்குளிரில் பயிற்சிக்கு வாங்கிய வெட்சூட்டை, அதாவது குளிர்நீரில் உடல் வெப்பத்தைக் காக்கும் தடித்த உடையை, போட்டியில் அணியலாமா என்று. குளப் போட்டியில் கூடாது. திறந்தவெளி நீச்சலுக்கு விதி வேறு: நீரின் வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே போனால் வெட்சூட் கட்டாயம், 18 முதல் 20 வரை அவரவர் விருப்பம், அதற்கு மேல் அனுமதி இல்லை. அங்கே சாதாரண நீச்சலுடையும் தோளிலிருந்து கணுக்கால்வரை இருக்கலாம்.

வாங்கிவிட்டால், அதைப் போட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வார்ம்-அப்புக்குப் பழைய உடை போதும். நீந்தி முடித்ததும் குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல், துண்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். சேலத்து மொட்டைமாடி வெயிலில் ஒரு பிற்பகல் காய்ந்தாலும் இழை கெட்டுவிடும். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் முத்திரை கட்டாயமா, வெட்டு மட்டும் சரியாக இருந்தால் போதுமா என்பதை அந்தந்தப் போட்டியின் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இல்லையென்றால் பணம் கட்டுவதற்கு முன்பே சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள்.