சாச்சுரேஷன் என்றால் தெவிட்டல்

கோலாலம்பூரில் பாட்டு மிக்ஸ் பண்ணுகிற, அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலந்து பாட்டாக்குகிற நம் பிள்ளைகள் வாயில் நாள் முழுக்கப் புழங்குகிற சொல் சாச்சுரேஷன், ஒலியலையின் உச்சியை மெல்ல மழுக்குகிற வேலை. "உறுமிக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் போடு, குரலுக்கு வேண்டாம்" என்பார்கள். தமிழில் என்னவென்று கேட்டால் செறிவூட்டல் என்று ஒருவர் சொல்வார், நிறைவு என்று இன்னொருவர் சொல்வார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. தெவிட்டல்தான் சரி என்பது என் கட்சி.

வேரிலிருந்து பார்ப்போம். லத்தீனில் 'சத்துர்' என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டவன். அதிலிருந்து பிறந்த வினை ஆங்கிலத்துக்குப் போய் சாச்சுரேஷன் ஆனது. நம் தெவிட்டுதலும் சாப்பாட்டுச் சொல்தான்: இலையில் இன்னும் ஒரு கரண்டி பாயசம் விழுந்தால் கை தானாக மறிக்குமே, அந்த நிலை. வேதியியலிலும் இதையே எடுத்துக்கொண்டார்கள், 100 மில்லிலிட்டர் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளும், அதற்குமேல் போட்டால் அடியில் தங்கிவிடும், அது தெவிட்டிய கரைசல். இங்கே மலாயில் படித்தவர்களுக்கு 'லாருத்தான் தெப்பு' என்றால் சட்டென்று புரியும். தெப்பு என்றால் விளிம்புவரை நிரம்பியது.

ஒலிக்கு இந்தப் பெயர் வந்தது காந்த நாடாவால். ஏஇஜி நிறுவனம் 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னட்டோஃபோன் என்ற நாடாப் பதிவுக் கருவியைக் காட்டியது. நாடாவின்மேல் பூசியிருப்பது இரும்பு ஆக்சைடு. சத்தம் ஏற ஏற அதன் காந்தத்தன்மையும் ஏறும், ஒரு கட்டத்துக்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் அது வாங்காது. நாடாவுக்குத் தெவிட்டிவிட்டது. வெற்றிடக் குழாயிலும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகத்திலும் இதேபோல ஓர் எல்லை உண்டு. எல்லை நெருங்கும்போது அலையின் உச்சி மெல்ல மழுங்குகிறது, அந்த மழுங்கலில் மேற்சுரங்கள் புதிதாக முளைக்கின்றன, அதாவது 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) போட்டால் 200, 300 என்று மடங்குகள் கூடவே வரும். மேலும் கீழும் ஒரே அளவில் மழுங்கினால் 300, 500 மாதிரி ஒற்றைப்படை மடங்குகள், ஒரு பக்கம் கூடுதலாக மழுங்கினால் இரட்டைப்படையும் சேரும். டிஜிட்டலில் உச்ச வரம்பான 0 டெசிபெல்லைத் தாண்டினால் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும், காது கூசும். சாச்சுரேஷன் பிளகின், அதாவது மிக்ஸ் மென்பொருளில் செருகுகிற துணைநிரல், அந்தப் பழைய மழுங்கலைக் கணக்குப் போட்டுத் திருப்பித் தருகிறது.

மேற்சுரம் நமக்குப் புதிதும் இல்லை. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு சின்ன நூல் வைத்து நகர்த்துவார்களே, அந்த நூல் சரியான இடத்துக்கு வந்ததும் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மந்தரத் தந்தியிலிருந்து தானாக எழும்.

போன மாதம் செந்தூலில் ஒரு வீட்டு ஸ்டுடியோவில் உறுமி மேளம் ஒன்றை மிக்ஸ் செய்தேன். பெரிய ஸ்பீக்கரில் உறுமியின் அந்த 'ஊம்ம்' என்ற இழுப்பு நெஞ்சில் இடித்தது, கைப்பேசியில் போட்டால் குச்சி உரசும் சத்தம் மட்டும்தான் மிச்சம். 70, 80 ஹெர்ட்ஸை அந்தக் குட்டி ஸ்பீக்கர் எழுப்பவே எழுப்பாது. உறுமியை இன்னொரு ட்ராக்கில் நகல் எடுத்து, அதில் மட்டும் சாச்சுரேஷன் பிளகினைப் போட்டு, டிரைவை (அதற்குள் சத்தத்தை எவ்வளவு அழுத்துவது என்ற திருகை) நன்றாக ஏற்றி, அசலுக்கு அடியில் மெதுவாகக் கலந்தேன். 160, 240 என்று மடங்குகள் எழுந்தன, அவை போதும், அடிச்சுரத்தைக் காது தானே ஊகித்துக்கொள்ளும். கைப்பேசியிலும் உறுமி உறுமியது!

செறிவூட்டல் என்றால் எதையோ சேர்த்து வளமாக்குவது, யுரேனியத்துக்குச் சொல்வார்கள். இங்கே மடங்குகள் சேர்வது உண்மைதான், ஆனால் அவை விளைவு. காரணம், அந்தக் கருவி இனி வாங்க மறுப்பது, பெயர் அதிலிருந்துதான் வர வேண்டும். நிறைவு என்றால் விழா நிறைவு, மனநிறைவு என்று எங்கெங்கோ போய்விடும். படத்தில் வண்ணச் செறிவு என்பது பொருந்துகிறது, அது இருக்கட்டும்.

தெவிட்டல் என்றால் திகட்டல் மாதிரி இருக்கிறதே, நல்ல காரியத்துக்கு இப்படியா பெயர் வைப்பது என்று ஒரு தம்பி கேட்டான். அதனால்தான் இந்தச் சொல் எனக்குப் பிடிக்கிறது. டிரைவை ஏற்றினால் சத்தமும் சேர்ந்து ஏறும், சத்தமாக இருப்பது காதுக்கு நன்றாகவே தோன்றும், அந்த மயக்கத்தில் எல்லா ட்ராக்கிலும் போட்டுவிட்டு மறுநாள் காலையில் கேட்டால் பாட்டு முழுக்க ஒரே பிசுபிசுப்பு. அவுட்புட்டைக் குறைத்து, பிளகினைப் போட்டும் எடுத்தும் ஒரே அளவு சத்தத்தில் கேட்டுப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள். அப்புறம் சிம்பல், ஜால்ரா மாதிரி மேல்சுருதிக் கருவிகளுக்கு ஓவர்சாம்ப்ளிங்கை (பிளகின் உள்ளே மட்டும் மாதிரி வேகத்தைக் கூட்டிக் கணக்குப் போடுவதை) மறக்க வேண்டாம். நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் அதன் பாதிவரைதான் ஒலிக்கு இடம், 10 கிலோஹெர்ட்ஸின் மூன்றாவது மடங்கான 30-க்கு இடமில்லை, அது 14.1-இல் மடிந்து வந்து பொருந்தாத ஒரு கீச்சாக உட்கார்ந்துகொள்ளும்.

நாடாத் தெவிட்டல், குழாய்த் தெவிட்டல் என்று வகைகளுக்கும் பெயர் எளிதாக அமைகிறது. செந்தூல் ப்ராஜெக்டில் அந்த நகல் ட்ராக்குக்கு 'உறுமி தெவிட்டல்' என்றுதான் பெயர் போட்டேன். அடுத்த நாள் அந்தத் தம்பி அதைத் திறந்து வேலை பார்த்தான், எது என்ன ட்ராக் என்று என்னைக் கேட்கவே இல்லை.