பால் கறந்த பிறகான அந்த அரை மணி நேரம்

பால் வெள்ளையாக இருக்கிறது, நுரையும் நன்றாகப் பொங்குகிறது, மாடும் தீவனத்தை மிச்சம் வைக்காமல் தின்கிறது. ஆனாலும் அந்த மடியில் ஒரு காம்பு நோயோடு இருக்கலாம். மடிநோய் என்றாலே வீங்கிச் சிவந்த மடியும் திரிதிரியாக வரும் பாலும்தான் நம் நினைவுக்கு வரும், ஆனால் பெரும்பாலும் பண்ணையாளரின் பையில் ஓட்டை போடுவது அது இல்லை. வெளியே எதையும் காட்டாமல் மாதக்கணக்கில் உள்ளேயே குடியிருக்கும் வகைதான்.

அதைப் பிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. 1957இல் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் வெளியிட்டது, கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று பெயர். நான்கு குழி உள்ள தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியாகப் பீய்ச்சி, அதே அளவு சோப்பு வகைக் கரைசலை ஊற்றிச் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணீர் மாதிரி ஓடும். நோயுள்ள பால் கொழகொழவென்று திரளும். கிருமி மடிக்குள் நுழைந்தால் அதைத் தின்ன ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து பாலில் கலக்கும். கரைசல் பட்டதும் அந்த அணுக்களின் சவ்வு கரைந்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த டிஎன்ஏ அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். தட்டில் நீங்கள் பார்க்கும் அந்தக் கொழகொழப்பு டிஎன்ஏதான். வெறும் கண்ணால் அதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், மாட்டுக் கொட்டகையே போதும். ஒன்று மட்டும் கவனம்: கன்று ஈன்ற முதல் சில நாட்களிலும் பால் வற்றப்போகும் சமயத்திலும் அணுக்கள் இயல்பாகவே கூடும், அப்போது இந்தச் சோதனையை நம்பி முடிவுக்கு வரக்கூடாது.

நலமான மடியில் ஒரு மில்லிலிட்டர் பாலுக்கு இந்த அணுக்கள் ஒரு லட்சத்துக்குள் இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, பாலுக்கு என்ன ஆகிறது? பால் சுரக்கும் செல்களுக்கு இடையே உள்ள இறுக்கம் தளர்ந்து, ரத்தத்தில் உள்ள சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசியும், பாலின் சர்க்கரையான லாக்டோஸ் குறையும். பாலில் லேசாக உப்புக் கரிப்பது அதனால்தான். உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும் என்பதால் சில கறவை இயந்திரங்கள் பாலின் மின்கடத்துதிறனை அளந்தே எச்சரிக்கின்றன. கூடவே பிளாஸ்மின் என்ற நொதியும் வந்து, பாலாடைக்கட்டிக்கு ஆதாரமான கேசின் புரதத்தை வெட்டத் தொடங்கும். காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு: கிருமி சாகும், ஆனால் பாஸ்சுரைஸ் செய்யும் சூட்டைப் பிளாஸ்மின் தாங்கிக்கொண்டு வேலையைத் தொடரும்.

கிருமி எப்படி உள்ளே போகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெரும்பாலும் அதற்கு ஒரே வழிதான், காம்பின் நுனித் துளை. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குழல், அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் தசை, உள்சுவரில் கிருமியை ஒட்டவைத்துப் பிடிக்கும் கெரட்டின் (நம் நகத்தில் இருக்கும் புரத வகை) பூச்சு. மூடியிருக்கும் வரை அருமையான கதவு. கறந்து முடித்ததும் அது உடனே மூடாது, அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணத்திலும் ஈரத்திலும் படுத்தால் திறந்த கதவு நேராகக் கிருமியின் மேல்தான். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி எடுப்பதும், முன்னால் புதுத் தீவனம் போட்டு மாட்டை நிற்க வைப்பதும் இதற்காகத்தான். மருந்துக்குச் செலவழிப்பவர்கள்கூட இந்த அதிகச் செலவில்லாத வேலையை விட்டுவிடுகிறார்கள்.

கதவைக் கெடுப்பது பல நேரம் நாமேதான். காம்பைத் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துப் பார்க்கும்போதே மாட்டின் மூளையிலிருந்து பாலை இறங்க வைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கிளம்பி, ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்தில் பால் இறங்கும். அதற்குள் அவசரப்பட்டு இயந்திரத்தை மாட்டினாலோ, பால் தீர்ந்த பிறகும் கழற்றாமல் விட்டாலோ வெறும் காம்பை வெற்றிடம் உறிஞ்சும், நுனி தடித்து வெடிக்கும், அப்புறம் கதவு சரியாக மூடாது. மாட்டை அடித்து மிரட்டினால் அட்ரினலின் ஏறி இறங்கிய பாலும் நின்றுவிடும். மடியைக் கழுவிவிட்டு ஈரத்தோடு கறப்பது கழுவாததைவிட மோசம், அழுக்குத் தண்ணீர் வழிந்து சேர்வது காம்பு நுனியில்தான்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மாதிரியான கிருமி உள்ளே போய்விட்டால் திசுவுக்குள் சிறு சீழ்க்கட்டிகளில் ஒளிந்துகொள்ளும், ஆன்டிபயாட்டிக் அங்கே சரியாக எட்டாது. இது கறப்பவர் கையிலும் துணியிலும் ஏறி அடுத்த மாட்டுக்குப் போகும் என்பதால் நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்த கன்றுக்கு முன்னால் கறப்பதை நிறுத்திப் பால் வற்றவிடும் காலத்தில் கதவுக்கு வேறு ஏற்பாடு. கெரட்டினே தக்கை மாதிரித் திரண்டு துளையை அடைத்துவிடும். ஆனால் எல்லாக் காம்பிலும் அது ஒரே வேகத்தில் உருவாவதில்லை, சில காம்புகள் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும். அதற்காகவே பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பு கலந்த பசை ஒன்றைக் காம்புக்குள் செலுத்தி அடைக்கிறார்கள். கன்று ஈன்றதும் முதல் வேலையாக அதைக் கையால் பிழிந்து எடுத்துவிட வேண்டும், இயந்திரத்தை மாட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தால் பசை பாலோடு சேர்ந்து குழாய்க்குள் போய்விடும்.