தேனீ முதுகுல சிப் ஒட்டலாமா சார்?

மானூர் தாண்டி ஒரு அண்ணாச்சி, தென்னைக்கு நடுவுல பன்னெண்டு தேனீப்பெட்டி வச்சிருக்காரு. ஒருநாள் காலைல போன் போட்டு உடனே வாங்கன்னாரு. போய்ப் பாத்தா பெட்டி வாசல்ல செத்த தேனீ குமிஞ்சு கெடக்கு, ஒண்ண எடுத்து உள்ளங்கைல வச்சேன், நாக்கு வெளிய நீட்டிட்டு இருந்துச்சு, பின்னங்கால்ல ஆரஞ்சு கலர் மகரந்த உருண்டை இன்னும் ஒட்டிட்டுதான் இருக்கு. இது பூச்சி மருந்து சோலிதான்னு அவர்ட்ட சொன்னேன். "யூடியூப்ல காமிக்கான்லா சார், தேனீக்கு சிப் ஒட்டி ட்ரோன் விட்டு எங்கன போவுதுன்னு பாக்கான், நம்மளும் செய்யலாம்லா"ன்னு கேட்டாரு. நம்மகிட்ட தேனீ வளப்புப் பயிற்சிக்கு வாரவங்களும் இப்ப அடிக்கடி இதத்தான் கேக்காவ.

நம்ம பெட்டில வளக்குற அடுக்குத்தேனீ ஒண்ணோட எடை 100 மில்லிகிராம் கூட தேறாது. பம்பிள் தேனீன்னு உடம்பு பெருத்த ஒரு வகைக்கு ஒட்டிப் பாத்தாங்களே பேட்டரி வச்ச ரேடியோ டேக், அது மட்டுமே 200 மில்லிகிராம், நம்ம தேனீக்கு ஒட்டினா ஆள் முதுகுல ரெண்டு ஆள ஏத்துன கதைதான். கடந்தை (பெரிய குளவி) மாதிரி பெருசுக்குன்னா சரிப்படும், 2020-ல அமெரிக்காவுல வாஷிங்டன்ல ஆசிய ராட்சதக் கடந்தைக்கு டேக்க பல்லு சுத்தம் பண்ற நூலால கட்டி விட்டு, அது பின்னாலயே போய் மரப்பொந்துல கூட்டக் கண்டுபிடிச்சாங்க. பேட்டரி இல்லாம சில மில்லிகிராம்ல ஒரு டேக் இருக்கு, இங்கிலாந்துல 1996-லயே ராடார் வச்சு அதத் தேடுனாங்க, ஆனா அதுக்கு வெட்டவெளி வேணும், நம்ம தென்னையும் பனையும் மறைச்சிரும். வாசல்ல வச்சு ஸ்கேன் பண்ற டேக்கும் உண்டு, தேனீ எப்ப போச்சு எப்ப வந்துச்சுன்னு சொல்லும், எங்க போச்சுன்னு சொல்லாது. அப்புறம் ட்ரோன் வாங்குனாலும் கூடங்குளம் அணு உலை, மகேந்திரகிரி இஸ்ரோ பக்கம் தூக்கிட்டுப் போயிராதீங்க சாமி. (ஆண் தேனீக்கும் இங்கிலீஷ்ல ட்ரோன்னுதான் பேரு, அதுவும் தேன், மகரந்தம் சேக்குற வேலை எதுவும் செய்யாது.)

அன்னைக்கு நாங்க செஞ்சது என்னன்னா, வாசலுக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து மிச்சம் இருந்த தேனீ எந்தத் திசைல கிளம்புதுன்னு அரைமணி நேரம் பாத்தோம், எல்லாம் கிழக்க வாய்க்கால் மேலதான் போச்சு. காலுல இருந்த ஆரஞ்சு சூரியகாந்தி மகரந்தம் மாதிரி தெரிஞ்சுது. அடுக்குத்தேனீ பெரும்பாலும் ஒண்ணு ஒண்ணரை கிலோமீட்டருக்குள்ளதான் மேயும், அதனால நடந்தே போய்ட்டோம். வாய்க்கால் தாண்டுனதும் முழுசா பூத்த சூரியகாந்தி, இன்னும் மருந்து வாடை போகல. வயல்காரர் பாவம், இந்தத் தேனீதான் விதை பிடிக்க வைக்குன்னே அவருக்குத் தெரியல, விடிஞ்சதும் அடிச்சிருக்காரு, அதான் தேனீ கூட்டமா இறங்குற நேரம்.

பூத்திருக்கப்ப அடிக்காதீங்க, தவிர்க்க முடியலன்னா பொழுது சாஞ்சு தேனீ கூடு திரும்புனப்புறம் அடிங்க, முந்தின நாளே பெட்டிக்காரருக்கு ஒரு போன் போடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். இப்ப ரெண்டு பேரும் வாட்ஸ்அப்ல பேசிக்கிடுதாவ. போன வாரம் அண்ணாச்சி போன்ல, "அவரு சாயங்காலம் அடிக்க ரெடிதான் சார், மருந்தடிக்க வார ட்ரோன்காரன்தான் காலைல ஒம்பது மணிக்குத்தான் வருவேங்கான்"ங்காரு.