காரணம் சொல்லாமல் கடனட்டையை மறுத்தால்

ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் இருந்த காலத்தில், மாதத்துக்கு ஒருவராவது போனை நீட்டிக்கொண்டு என் மேசைக்கு வருவார். "உங்கள் கடனட்டை விண்ணப்பத்தை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம்" என்று குறுஞ்செய்தி இருக்கும். ஏன் என்று ஒரு வார்த்தை இருக்காது.

அப்படி வந்தவர்களில் ஒரு டீச்சரை மறக்க முடியாது. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் வேலை. நிரந்தர நியமனம், சம்பளம் மாதா மாதம் கணக்கில் விழுகிறது, சொந்தமாக ஒரு ரூபாய் கடன் இல்லை. "சேர், லயத்து ஆளுன்னுதான் தரலையா?" என்று கேட்டார்.

அந்தச் சந்தேகம் சும்மா வருவதில்லை. லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அந்த வீட்டுக்குத் தெருப் பெயர் கிடையாது. கரண்ட் பில் பெரும்பாலும் வேறு பெயரில் இருக்கும். தபால் தோட்ட ஆபிஸுக்குப் போய், நாலு கை மாறித்தான் வீட்டுக்கு வரும். முகவரியை உறுதிப்படுத்தச் சொல்லி வங்கி அனுப்பும் கடிதம் வழியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. ஆனாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது கிரிப் அறிக்கையைத்தான்.

கிரிப் என்பது இலங்கைக் கடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. "கிரிப்ல பேர் விழுந்திருச்சு" என்று ஊரில் பயத்தோடு சொல்வார்கள். ஒழுங்காகக் கட்டுபவர் பெயரும் அங்கே இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வங்கிகளும், தவணைக்கு வாகனம் கொடுக்கும் லீசிங் கம்பெனிகளும் கொடுக்கும் விவரத்தை அது சேர்த்து வைக்கிறது. கார்டு கொடு, கொடுக்காதே என்று அது சொல்வதில்லை. அந்த முடிவு வங்கியுடையது. உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம், வங்கிக் கிளை மூலமும் விண்ணப்பிக்கலாம்.

டீச்சரின் அறிக்கை வந்ததும் இருவருமாகப் பார்த்தோம். கடன் வாங்கியவர் என்ற பகுதி வெறுமையாக இருந்தது. பிணையாளி என்ற பகுதியில் ஒரே ஒரு பதிவு. ஆட்டோ லீசிங், மூன்று தவணை நிலுவை. டீச்சர் விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மச்சானுக்குப் போட்ட கையெழுத்து" என்றார். மச்சான் கட்டாமல் விட்டதை வீட்டில் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நம் ஊரில் பிணைக் கையெழுத்தை ஒரு கடனாகவே யாரும் நினைப்பதில்லை. "சும்மா ஒரு சைன் போடுங்க" என்பார்கள். சொந்தக்காரரிடம் மாட்டேன் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் வங்கியின் கண்ணுக்கு அது உங்கள் பொறுப்பு.

அறிக்கையில் அடையாள அட்டை இலக்கத்தையும் பாருங்கள். பழையது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016 முதல் வருவது பன்னிரண்டு இலக்கம். ஒரு கடன் பழைய இலக்கத்திலும் இன்னொன்று புதியதிலும் பதிவாகியிருக்கலாம். அப்பா பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் மாறியிருந்தாலும் குழப்பம்தான். பிழை இருந்தால் கிரிப்புக்கு முறையிடலாம். ஆனால் திருத்த வேண்டியது அந்த விவரத்தைக் கொடுத்த வங்கியோ லீசிங் கம்பெனியோதான், அதனால் அவர்களுக்கும் எழுதிக் கொடுத்து, பிரதியில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை சுத்தமாக இருந்தால் காரணம் வங்கிக்குள்ளேயே இருக்கிறது. வருமானம் அவர்கள் வைத்த அளவுக்குப் போதாமல் இருக்கலாம், வேலை இன்னும் நிரந்தரமாகாமல் இருக்கலாம். முகவரிதான் சிக்கல் என்றால் கிராம சேவகரின் சான்றிதழை ஏற்பார்களா என்று கேளுங்கள். கவுன்டரில் வாயால் கேட்டால் "ஹெட் ஆபிஸ் முடிவு" என்பார்கள். கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் பேசலாம். அவர்கள் கார்டு வாங்கித் தர மாட்டார்கள், ஆனால் முறைப்பாட்டைக் கேட்பார்கள்.

கோபத்தில் அடுத்த நாளே இன்னும் நாலு வங்கிக்கு விண்ணப்பம் போடாதீர்கள். யார் யார் உங்கள் விவரத்தைக் கேட்டார்கள் என்பதும் கிரிப்பில் தெரியும். அடுத்த வங்கிக்காரர் அதைப் பார்த்து, இவருக்கு என்ன இவ்வளவு அவசரம் என்றுதான் யோசிப்பார்.

மச்சான் நிலுவையைக் கட்டிவிட்டார். கட்டியவுடன் பழைய தாமதம் அறிக்கையிலிருந்து மறைந்துவிடாது என்பதால், சில மாதம் பொறுத்து விண்ணப்பிக்கும்படி டீச்சரிடம் சொன்னேன். இப்போதெல்லாம் மாதா மாதம் லீசிங் ரசீதைப் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது மச்சானின் வேலை.