தப்பி ஓடும் கப்பலும் ஒரு தாக்குதல் மிஷனும்

எதிரியின் போர்க்கப்பல் எதிரே நிற்கிறது. நீங்கள் பாம்பரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கிட்டே போய்க் குண்டு போட வேண்டும். வழியில் எதிரி ஃபைட்டர்கள் மறிக்கின்றன, துணைக்கு வந்த விமானி ரேடியோவில் கத்துகிறார், கடைசியில் கப்பல் வெடிக்கிறது. விளையாடுபவருக்கு இது போர். இந்த மிஷனை, அதாவது விளையாட்டின் இந்த ஒரு கட்டத்தை, எழுதிய ரசிகருக்கோ ‘இது நடந்தால் அதைச் செய்’ என்ற வாக்கியங்களின் அடுக்கு, அவ்வளவுதான்.

விண்வெளிச் சண்டைக் கணினி விளையாட்டுகளில் ஃப்ரீஸ்பேஸ் 2-ஐ எடுத்துக்கொள்ளலாம். வோலிஷன் நிறுவனம் 1999-ல் உருவாக்கியது. மிஷன்களை எழுதத் தங்களுக்கென்று செய்துகொண்ட ஃப்ரெட் என்ற எடிட்டர் மென்பொருளையும் விளையாட்டோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். 2002-ல் விளையாட்டின் மூலநிரலும் (அதை இயக்கும் நிரல் வரிகள்) வெளியானது. இன்றும் ரசிகர்கள் புது மிஷன் எழுதிக்கொண்டிருப்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம். ஒரு மிஷன் என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம்: எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, யார் எப்போது வருவார், எது நடந்தால் எந்தச் செய்தி ஒலிக்கும், எல்லாம் அதில் இருக்கும்.

அந்த ‘நடந்தால்’ வாக்கியங்கள் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எழுதப்படுகின்றன. தமிழில் எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

(எப்போது (அழிந்ததா 5 "எதிரிக் கப்பல்") (செய்தி அனுப்பு "திரும்பி வாருங்கள்"))

கப்பல் அழிந்து 5 விநாடி ஆனதும் செய்தி போகும். செயல் முன்னால், அது எதன்மேல் என்பது பின்னால். 1958-ல் ஜான் மெக்கார்த்தி வடிவமைக்கத் தொடங்கிய லிஸ்ப் என்ற நிரல்மொழியின் பாணி இது. நிரல் எழுதத் தெரியாதவரும் ஃப்ரெட்டில் மவுஸால் கிளிக் செய்தே, கிளை கிளையாகப் பிரியும் இந்த வாக்கிய மரத்தைக் கட்டிவிடலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. நிபந்தனைக்கு ‘உண்மை’, ‘பொய்’ என்று இரண்டு விடைகள்தான் இருக்கும் என்று நினைப்போம். இங்கே ‘இனி எப்போதுமே பொய்’ என்றும் ஒரு விடை உண்டு. ‘எதிரிக் கப்பல் அழிந்ததா?’ என்று விளையாட்டை ஓட்டும் மென்பொருள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கப்பல் உயிரோடு இருக்கும்வரை விடை வெறும் ‘பொய்’. அடுத்த நொடியே மாறலாம். ஆனால் கப்பல் சப்ஸ்பேஸில் (தொலைதூரம் தாவ விளையாட்டில் இருக்கும் குறுக்குவழி வெளி) தாவித் தப்பிவிட்டால் இனி அதை அழிக்கவே முடியாது. அந்தக் கணத்தில் விடை ‘இனி எப்போதுமே பொய்’ ஆகிறது. அதைக் குறிக்கோளாக வைத்திருந்தால், யாரும் தனியாக எழுதாமலே குறிக்கோள் தோல்வி என்று பதிவாகிவிடும்.

பதிவாவது மட்டும் போதாது என்பதுதான் சிக்கல். நான் எழுதிய முதல் மிஷனில், கப்பல் அழிந்தால் ‘திரும்பி வாருங்கள்’ என்று செய்தி வரும். தப்பினால்? எதுவும் எழுதவில்லை. கப்பல் போய்விட்டது, ஃபைட்டர்கள் தீர்ந்துவிட்டன, ரேடியோவில் சத்தமே இல்லை. சோதித்துப் பார்த்த நண்பர் வெற்று வெளியில் கால் மணி நேரம் சுற்றிவிட்டு, “அப்புறம் என்ன செய்யணும்?” என்று கேட்டார். தோற்றவரையும் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். அதற்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

சரி, கப்பலுக்கு வருவோம். ஃப்ரீஸ்பேஸ் 2-ன் சதானாஸ் என்ற ராட்சதக் கப்பலின் உடல் வலிமை 10 லட்சம் புள்ளிகள். ஒரு விமானி குண்டு போட்டே அதைக் கரைக்க வேண்டுமென்றால் பாதியில் தூங்கிவிடுவார். மூல விளையாட்டின் மிஷன் அதைக் கேட்பதும் இல்லை. கப்பலின் முன்பக்கம் இருக்கும் நான்கு பெரிய பீம் (ஒளிக்கற்றை) பீரங்கிகளை மட்டும் உடைத்தால் போதும். மீதியை நம் தரப்பின் பெரிய கப்பலான கொலோசஸ் பார்த்துக்கொள்ளும். நல்ல தாக்குதல் மிஷன்களின் சூட்சுமம் இதுதான் என்பேன். பெரிய எண்ணைத் தேய்க்கச் சொல்லாமல், எங்கே அடிப்பது என்று யோசிக்க வைக்கிறது. இன்ஜின், ஆயுதம், சென்சார் என்று கப்பலின் உறுப்புகள் தனித்தனியாக உடைபடும் என்பதால் இது சாத்தியமாகிறது. இன்ஜின் போன கப்பல் தப்பி ஓடாது. மேலே சொன்ன என் தலைவலியும் அங்கேயே தீர்ந்தது.

அடுத்தது நேரம். பாம்பர் விநாடிக்கு 50 மீட்டர் போகிறது, இலக்கு 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேர 120 விநாடி. அந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் சலிப்பு தட்டும். எல்லாம் ஒரேயடியாக நடந்தால் பாம்பர் பாதி வழியிலேயே சாம்பல். (50 மீட்டர் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர்தான். நிஜ விண்வெளி நிலையம் விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் எதிரியைக் கண்ணால் பார்த்துச் சுட முடியாது என்பதால், விளையாட்டில் விண்கலங்கள் தண்ணீருக்குள் போவதுபோலப் போகின்றன. இன்ஜினை விட்டால் தானாக நின்றுவிடும். இயற்பியல்படி தப்பு, விளையாட்டுக்கு ரொம்பச் சரி.)

அந்த இரண்டு நிமிடத்தை நிரப்ப, எதிரிகளைத் தொகுதி தொகுதியாக அனுப்பும் ‘அலை’ உதவுகிறது. ஓர் அணியில் 4 ஃபைட்டர்கள், 4 அலைகள் என்று போட்டால் மொத்தம் 16 எதிரிகள். எத்தனை பேர் மிஞ்சும்போது அடுத்த அலை வர வேண்டும் என்று ஓர் எண் கொடுக்கலாம். அதை 1 என்று வைத்தால், பழைய அலையின் கடைசி ஆளும் புதிய நால்வருமாக ஒரு நேரத்தில் 5 பேருக்கு மேல் எதிரே இருக்க மாட்டார்கள். நீங்கள் வேகமாக அழித்தால் வேகமாக வருவார்கள், திணறினால் காத்திருப்பார்கள். எதிரி உங்கள் திறமையை அளந்து வருவதுபோலத் தோன்றும். உள்ளே இருப்பது ஒரே ஓர் எண்.

துணைக்கு வருபவர்கள் வேறு வகைத் தொல்லை. அவர்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னுரிமை எண் உண்டு. பெரிய எண்ணே வெல்லும். ‘காவல் இரு’ என்பதைவிட ‘கப்பலைத் தாக்கு’ என்பதற்குப் பெரிய எண் போட்டுவிட்டால், காவலுக்கு வந்தவர்கள் உங்களை விட்டுவிட்டுக் கப்பலைப் பார்த்துப் பறந்துவிடுவார்கள். கதைக்கு வேண்டிய கப்பலை எதிரிகள் குறிவைக்காமல் இருக்கவும், அடிபட்டாலும் சாகாமல் இருக்கவும் வழிகள் உண்டு. இரண்டாவதை அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும். எத்தனை குண்டு விழுந்தாலும் சாகாத கப்பலை ஆட்டக்காரர் இரண்டே நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்.

இதெல்லாம் முடிந்ததும் நான் செய்யும் முதல் சோதனை, மிஷனைத் தொடங்கிவிட்டு எதையும் தொடாமல் இருப்பது. கப்பல் தப்பி, தோல்விச் செய்தி வந்து, வீட்டுக்குக் கூப்பிட்டால் அந்தக் கிளை சரி. இரண்டாவது சோதனையில் ஃபைட்டர்களைக் கண்டுகொள்ளாமல் நேரே கப்பலுக்குப் போவேன். மூன்றாவதில் திரும்பி எதிர்த் திசையில் பறப்பேன். குண்டு போடுவதை நான்காவது முறைதான் சோதிக்கிறேன்.