ஹரிக்கேன் பருவ முன்கணிப்பு: சொல்லும் பொருளும், மாலுமிக்கு அதன் பயனும்

'இந்த ஆண்டு அட்லாண்டிக்கில் 17 முதல் 25 சூறாவளிகள் வீசும் என முன்னறிவிப்பு.' ஏப்ரல், மே மாதங்களில் இப்படி ஒரு செய்தி தவறாமல் வரும். எண்கள் மட்டும் மாறும். இங்கே உள்ள எண்கள், 2024 மே மாதத்தில் அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகமான நோவா வெளியிட்டவை. எண்கள் சரிதான், சொற்கள்தான் பிழை. அந்த 17 முதல் 25 வரையிலானவை எல்லாம் சூறாவளிகள் அல்ல. வெளியிடப்பட்டதை முன்னறிவிப்பு என்பதும் பொருந்தாது. வீட்டில் இருந்து செய்தி படிப்பவருக்கு இது சிறிய வேறுபாடு. படகை எங்கே கட்டுவது, கடலை எப்போது கடப்பது என்று முடிவெடுக்க வேண்டிய மாலுமிக்கோ இது உயிரோடு தொடர்புடையது.

ஹரிக்கேன் என்ற சொல் கியூபா, ஹிஸ்பானியோலா, போர்ட்டோ ரிக்கோ தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களுடையது. கொலம்பசுக்குப் பின் அங்கே வந்த ஸ்பானியர்கள், தாங்கள் அதுவரை கண்டிராத அந்தக் காற்றுக்கு அம்மக்கள் வழங்கிய பெயரையே எடுத்துக்கொண்டு 'உரக்கான்' என்றார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், பல எழுத்துக்கூட்டல்களில் அலைந்த பிறகே இன்றைய வடிவில் நிலைத்தது. தமிழுக்கு அது புயலாக வரவில்லை, விளக்காக வந்தது. காற்றில் அணையாத கண்ணாடிக் கூண்டு விளக்கை நாம் அரிக்கேன் விளக்கு என்றோம். ஈழத்தில் அரிக்கன் லாம்பு என்றார்கள். விளக்கின் பெயரில் ஒரு பெருங்காற்று ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாமலே சொல் பழகிவிட்டது.

வெப்பமண்டலக் கடலில் பிறந்து சுழலும் இந்தப் புயல் எங்கும் ஒன்றுதான். கடலுக்குக் கடல் பெயர்தான் வேறு. வட அட்லாண்டிக்கிலும் வடகிழக்குப் பசிபிக்கிலும் ஹரிக்கேன், வடமேற்குப் பசிபிக்கில் டைபூன், இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன். இவற்றுள் சைக்ளோன் மட்டும் ஒருவர் யோசித்து உருவாக்கிய சொல். 1840களில் கொல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் பதிவேடுகளைத் திரட்டிப் புயல்களின் சுழற்சியை ஆராய்ந்து, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அமைத்தார். அவர் அந்த ஆய்வைச் செய்தது மாலுமிகளுக்காகவே.

தமிழில் இதற்குச் சூறாவளி என்று எழுதுகிறோம். சூறை என்றால் சுழன்றடிக்கும் காற்று. சூறையாடுதல் என்பதில் இருப்பதும் அதே சூறை. வளி என்பது காற்றுக்கு மிகப் பழைய பெயர். கடலில் கலம் செலுத்தியவர்களைப் பற்றிப் புறநானூற்றின் 66ஆம் பாடல் 'வளிதொழில் ஆண்ட' என்கிறது. எனவே சூறாவளி நல்ல சொல்தான். ஆனால் அமெரிக்க நிலப்பகுதியில் குறுகிய புனல்போல் இறங்கி, சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும் டொர்னாடோவையும் செய்திகளில் சூறாவளி என்றே எழுதிவிடுகிறார்கள். அதற்குச் சுழல்காற்று என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, கடலில் பிறந்து பல நாள் வாழும் ஹரிக்கேனைச் சூறாவளிப் புயல் என்று எழுதுவதே தெளிவு என்பது என் கருத்து.

இதில் இன்னொரு படிநிலையும் உண்டு. காற்றின் நிலையான வேகம் 34 நாட், அதாவது மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டரை எட்டினால் புயலுக்குப் பெயர் சூட்டுவார்கள். 64 நாட், சுமார் 119 கிலோமீட்டரை எட்டினால்தான் அது ஹரிக்கேன். 96 நாட் வேகத்தை எட்டினால் பெரும் ஹரிக்கேன். 1991 முதல் 2020 வரையிலான அட்லாண்டிக் சராசரி, ஆண்டுக்குப் பெயர் பெற்ற புயல்கள் 14, அவற்றுள் ஹரிக்கேன்கள் 7, அவற்றுள் பெரும் ஹரிக்கேன்கள் 3. செய்தியில் முதலில் வரும் பெரிய எண், பெயர் பெற்ற புயல்களின் எண். அதைச் சூறாவளிகள் என்று எழுதும்போது எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடுகிறது.

அடுத்த சொல் பருவம். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பது நிர்வாக வசதிக்காக வகுத்த எல்லை. உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டி வரும். ஆனால் 2015 முதல் 2021 வரை ஏழு ஆண்டுகளும் ஜூன் பிறக்கும் முன்பே ஒரு புயலாவது பெயர் பெற்றது. நாட்காட்டியை நம்பிப் பாய் விரிப்பவர் இதை மறக்கக் கூடாது.

இனி மூன்றாவது சொல். முன்னறிவிப்பு என்றால் நம் காதில் விழும் பொருள் என்ன? இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னது நடக்கும் என்று முன்னதாக அறிவிப்பது. நாளைய மழையைப் பற்றிச் சொல்வது முன்னறிவிப்பு. பருவம் தொடங்கும் முன் தருவது அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. ஒரு பெருங்கடல் முழுவதிலும் ஆறு மாதத்தில் எத்தனை புயல்கள் உருவாகலாம் என்ற கணிப்பு மட்டுமே அது. இடம், நாள் இரண்டும் அதில் கிடையாது. ஆகவே பருவ முன்கணிப்பு என்பதே அதற்குரிய தமிழ். நோவாவும் தன் வெளியீட்டை முன்னறிவிப்பு என்னாமல் கண்ணோட்டம் என்ற பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறது.

இந்தக் கணிப்பு முறையைத் தொடங்கிவைத்தவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிரே. முதல் கணிப்பு 1984இல் வெளிவந்தது; நோவா 1998இல் தொடங்கியது. இதன் அடிப்படை எளிது. பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிலவினால், கரீபியன் பகுதியில் மேல்மட்டக் காற்றும் கீழ்மட்டக் காற்றும் வெவ்வேறு வேகத்தில் வீசி, எழும் புயலின் தலையைக் கொய்துவிடும். அந்நீர் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா என்றால் அந்தத் தடை தளரும். அட்லாண்டிக் நீர் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் புயலுக்கு உணவு கூடும். இவை மெதுவாக மாறுபவை என்பதால் மாதங்களுக்கு முன்பே ஓரளவு கணிக்கலாம். உருவான புயல் எந்தப் பக்கம் போகும் என்பதோ, அந்தந்த வாரத்து உயரழுத்தங்களும் தாழ்வழுத்தங்களும் முடிவு செய்வது. அதை ஏப்ரலில் எவராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் அமைதியான ஆண்டு என்ற சொல் என்னை எப்போதும் அஞ்சவைக்கிறது. 1992இல் ஆகஸ்ட் நடுவரை அட்லாண்டிக்கில் ஒரு புயல்கூடப் பெயர் பெறவில்லை. முதலில் பெயர் பெற்ற ஆண்ட்ரூ, ஆகஸ்ட் 24 அன்று, காற்றின் வேகப்படி வகுத்த ஐந்து வகைகளில் மிக வலுவான ஐந்தாம் வகை ஹரிக்கேனாகத் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியது. 2010இல் 19 புயல்கள், 12 ஹரிக்கேன்கள். அமெரிக்கக் கரையை ஒன்றுகூட ஹரிக்கேனாகத் தொடவில்லை. கரீபியன் தீவான செயின்ட் லூசியாவையோ, பருவம் முடியப்போகும் அக்டோபர் இறுதியில் தோமஸ் தாக்கியது. 2013இல் நோவா 7 முதல் 11 ஹரிக்கேன்கள் என்று கணித்தது, வந்தவை இரண்டே.

இவற்றைவிட 2015ஐ ஒவ்வொரு மாலுமியும் நிறுத்திப் படிக்க வேண்டும். வலுவான எல் நினோ ஆண்டு அது. நோவாவின் கணிப்பு 6 முதல் 11 புயல்கள், 3 முதல் 6 ஹரிக்கேன்கள், அதிகபட்சம் 2 பெரும் ஹரிக்கேன்கள். வந்தவை 11, 4, 2. மூன்று எண்களும் கணிப்புக்குள் அடங்கின. அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் துறைமுகத்திலிருந்து போர்ட்டோ ரிக்கோவுக்குப் புறப்பட்டது. அந்த நான்கு ஹரிக்கேன்களில் ஒன்றான ஹோவாக்கின் பஹாமாஸ் அருகே வலுத்துக்கொண்டிருந்தது. அதன் பாதையைப் பற்றிய குறுகிய கால முன்னறிவிப்புகளும் அந்த நாட்களில் பெரிதும் பிசகின. போதாக்குறைக்கு, கப்பல் தலைவர் சார்ந்திருந்த வானிலைத் தொகுப்பு பல மணி நேரம் பழைய தகவலைக் காட்டிக்கொண்டிருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. அக்டோபர் 1 காலை கப்பல் மூழ்கியது. 33 பேரும் இறந்தார்கள். பருவக் கணிப்பு முழுவதும் பலித்த ஆண்டில் நடந்தது இது.

அப்படியானால் பருவ முன்கணிப்பால் மாலுமிக்குப் பயனே இல்லையா? உண்டு, நெடுநாள் முன்பே எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு மட்டும். கரீபியனில் பாய்மரப் படகில் வாழ்பவர் மே மாதத்திலேயே சிலவற்றைத் தீர்மானிக்க வேண்டும். கோடையில் படகைத் தெற்கே கொண்டுபோவதா, வடக்கே அமெரிக்கக் கரைக்குப் போவதா, கரையேற்றித் தரையோடு பிணைத்துவிடுவதா? கரையேற்றும் தளங்களில் இடம் குறைவு. கணிப்பு மும்முரமாக இருந்தால் முன்கூட்டியே இடம் பிடிக்கலாம், கூடுதல் கயிறும் நங்கூரமும் வாங்கிவைக்கலாம், அங்குமிங்கும் சுற்றும் திட்டத்தைச் சுருக்கலாம். கணிப்பு தணிவாக இருந்தாலோ எதையும் தளர்த்தக் கூடாது. காப்பீட்டு நிறுவனங்கள் இதை நன்றாக அறிந்தவை. இன்ன தேதிக்குள் இன்ன அகலாங்குக்கு வெளியே போய்விட வேண்டும் என்ற நிபந்தனையைப் பல ஒப்பந்தங்களில் பார்க்கலாம். அமைதியான ஆண்டு என்பதற்காக அது தளர்வதில்லை.

தெற்கே போனால் தப்பலாம் என்பதும் நிகழ்தகவுதான். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, புவியின் சுழற்சி தரும் விலக்கம் குறைவதால் புயல் சுருண்டு எழுவது அரிது. வடக்கு 12 பாகையில் உள்ள கிரெனடா அதனால் பாதுகாப்பான இடமாகக் கருதப்பட்டது. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் என்ற ஹரிக்கேன் அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. இருபது ஆண்டு கழித்து, 2024 ஜூன் 28 அன்று பெரில் பெயர் பெற்றது. ஜூலை 1 அன்று நான்காம் வகை ஹரிக்கேனாக கிரெனடாவைச் சேர்ந்த கரியக்கூ தீவின்மேல் ஏறியது. புயல் காலத்தில் படகுகள் ஒளியும் இடம் என்று பெயர் பெற்ற டிரெல் விரிகுடாவின் அலையாத்திக் காட்டுக்குள் கட்டியிருந்த படகுகள், மரக்கிளைகளும் இலையிழந்து நிற்க, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அந்த ஆண்டு மும்முரமாக இருக்கும் என்று ஏப்ரலிலேயே சொல்லியிருந்தார்கள், அது பலிக்கவும் செய்தது. ஆனால் கரியக்கூவில் இருந்தவருக்கு விலகிப்போகக் கிடைத்தது பெயர் பிறந்த பிறகான மூன்று நாள்தான்.

அந்த மூன்று நாளுக்கு உதவுவதுதான் உண்மையான முன்னறிவிப்பு. மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையம், அடுத்த ஏழு நாளில் எங்கே புயல் உருவாகலாம் என்று ஒரு நாளில் பலமுறை வெளியிடுகிறது. உருவானதும் ஐந்து நாள் பாதையைத் தருகிறது. பாதையைச் சுற்றி வரையும் கூம்பு, புயலின் மையம் போகக்கூடிய பரப்பை மட்டுமே காட்டும். காற்றும் அலையும் கூம்புக்கு வெளியேயும் வெகுதூரம் பரவும். இதற்காகவே மாலுமிகள் ஒன்று-இரண்டு-மூன்று என்ற விதியைப் பயில்கிறார்கள். புயலின் 34 நாட் காற்று பரவும் ஆரத்தோடு, 24 மணி நேரத்தில் மையம் இருக்கும் என்று முன்னறிவித்த இடத்துக்கு 100 கடல் மைல், 48 மணி நேர இடத்துக்கு 200, 72 மணி நேர இடத்துக்கு 300 கூட்டி வட்டம் வரைந்து, அந்தப் பரப்புக்குள் நுழையாமல் இருப்பது. அளவுகோல் 64 நாட் அன்று, 34 நாட் என்பதைக் கவனியுங்கள். ஹரிக்கேன் ஆகாத புயலும் சிறு படகைக் கவிழ்க்கும்.

தொடக்கத்தில் காட்டிய செய்தியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'இந்தப் பருவத்தில் அட்லாண்டிக் முழுவதிலும் 17 முதல் 25 புயல்கள் பெயர் பெறலாம், அவற்றுள் 8 முதல் 13 சூறாவளிப் புயலாக வலுக்கலாம் என்று நோவா முன்கணித்துள்ளது. எண்ணிக்கை இந்த வரம்புகளுக்குள் அமைய 70 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எவை எங்கே கரையைத் தொடும் என்பது இந்தக் கணிப்பில் இல்லை.' கடைசி வாக்கியத்தை இடம் போதவில்லை என்று வெட்டிவிட வேண்டாம் என்பது செய்தி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்.