சங்கா இல்லைங்க, சங்கம்

போன வாரம் மறுபடியும் அதே வார்த்தை. கிறிஸ்தவத்தையும் பௌத்தத்தையும் ரெண்டையும் விடாம பிடிச்சுக்கிட்டு வாழப் பாக்கறவங்க கூடற ஒரு ஆன்லைன் கூடுகைக்கு நான் ஒரு வருஷமா போயிட்டிருக்கேன். மணி அடிச்சு 20 நிமிஷம் மௌனமா உக்காருவோம், அப்புறம் மலைப்பிரசங்கத்துல இருந்து நாலு வசனம், அப்புறம் மனசுல பட்டதைப் பேசுவோம். அங்க தமிழ்ல மொழிபெயர்த்துச் சொல்ற தம்பி "நம்ம சங்காவுக்கு புதுசா வந்திருக்கறவங்களை வரவேற்கிறோம்"னு ஆரம்பிச்சார், உடனே வயசான ஒரு அம்மா மைக்கை ஆன் பண்ணி "தம்பி, சங்காங்கறது யாரு, அவங்க இன்னிக்கு வந்திருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாங்க. பௌத்த வழியில சேர்ந்து நடக்கறவங்க கூட்டத்துக்கு அந்தப் பேர்னு அந்தத் தம்பி ரெண்டு நிமிஷம் விளக்கினார், அந்தம்மா "சரிப்பா"ன்னு மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்க, புரிஞ்ச மாதிரி எனக்குத் தோணல.

அந்தம்மா மேல தப்பே இல்லை. சங்கன்னு ஒருத்தர் இருந்தா அவரைக் கூப்பிடறப்ப வர்ற ஒலி அது, தமிழ்க் காது அப்படித்தான் வாங்கும்.

வார்த்தையோட பிறப்பைச் சுருக்கமா சொல்லிடறேன். பழைய பௌத்த நூல்களோட மொழியான பாலியிலயும் சமஸ்கிருதத்துலயும் இது சங்க, கடைசியில குறில். சம்ங்கற முன்னொட்டும் ஹன்ங்கற வேரும் சேர்ந்தது, ஒண்ணோட ஒண்ணு நெருங்கிச் சேர்றதுதான் அடிப்படைப் பொருள். இந்த மாதிரி குறில் அகரத்துல முடியற வடசொல் தமிழுக்குள்ள வந்தா மகரம் வாங்கிக்கும், ராகம், யோகம், தருமம், தானம் எல்லாம் அப்படி வந்ததுதான். இங்கிலீஷ்ல எழுதறப்ப குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால அவங்க சங்கான்னு நீட்டிச் சொல்றாங்க, அது அவங்க வாய் வசதி. அதை அப்படியே தூக்கிட்டு வந்து தமிழ்ல சங்கான்னு எழுதறது, வீட்டுப் பிள்ளை வெளியூர் போய் வேற பேரோட திரும்பி வந்தா அந்தப் பேரைச் சொல்லியே உள்ள கூப்பிடற மாதிரி இருக்கு. யோகா, கர்மா, தர்மா, நிர்வாணான்னு ஏற்கனவே ஒரு வரிசையே நிக்குது.

தமிழ்ல இல்லாத சொல்லா இருந்தா கூட மன்னிக்கலாம். மணிமேகலையோட கடைசிக் காதையில, அதாவது 30ஆவது காதையில, மணிமேகலை "புத்த தன்ம சங்கம்"ங்கற மூணையும் வணங்கி சரணடையறா. சாத்தனார் ஆயிரம் வருஷத்துக்கும் மேல முன்னாடியே தருமத்தைத் தன்மம்னும் சங்கவைச் சங்கம்னும் தமிழாக்கி வெச்சுட்டுப் போயிட்டார். சமணர்களும் இதே சொல்லைத்தான் வெச்சிருந்தாங்க, வச்சிரநந்தி கி.பி. 470ல மதுரையில அமைச்சது திராவிட சங்கம். இவ்வளவு ஏன், சங்கத்தைச் சரணடையறேங்கற "சங்கம் சரணம் கச்சாமி" நம்மள்ல நிறையப் பேருக்கு மனப்பாடம். அந்தப் பாலி மகரம் இரண்டாம் வேற்றுமை, நம்ம மகரம் எழுவாய், ரெண்டும் இலக்கணத்துல ஒண்ணு இல்லை, அதை நான் மறைக்கல. ஆனா காதுக்குப் பழகின ஒலி அதுதானே.

சரி, சங்காவை விட்டுட்டு நல்ல தமிழ்ல எழுதறேன்னு கிளம்பறவங்க பண்றது எனக்கு இன்னும் வருத்தம். அவங்க எழுதறது "ஆன்மீகச் சமூகம்". எங்க பாத்தாலும் இதுதான். "முற்போக்கு கிறிஸ்தவத்தையும் புத்த மதத்தையும் கலக்கும் ஆன்மீக சமூகத்தை கண்டறிதல்"னு ஒரு வரியை சமீபத்துல படிச்சேன், ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான், ஆனா மொத்தமா படிச்சா யாரோ எதையோ மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிக்கப் போற மாதிரி இருக்கு. நோயைக் கண்டறியலாம், கசிவைக் கண்டறியலாம். கூட நடக்க ஆள் இல்லாம தவிக்கிறவன் அவங்களைத் தேடுவான், தேடிச் சேருவான்.

முதல்ல ஆன்மீகத்தை எடுத்துக்கோங்க. ஆன்மிகமா ஆன்மீகமாங்கற எழுத்துச் சண்டைக்குள்ள நான் போகல, அதுக்குள்ள ஆன்மா உக்காந்திருக்கு, அதுதான் பிரச்சனை. புத்தர் ஞானம் பெத்த பிறகு மான் பூங்காவுல அஞ்சு பேருக்குச் சொன்ன ரெண்டாவது உபதேசமே அனாத்மத்தைப் பத்தித்தான், உடம்பு நான் இல்லை, உணர்ச்சி நான் இல்லை, அறியற மனசும் நான் இல்லைன்னு ஒவ்வொண்ணா எடுத்து வெச்சுச் சொன்னார். கேட்ட அந்த அஞ்சு பேர்தான் முதல் சங்கம். ஆன்மான்னு நிலையா ஒண்ணைப் பிடிச்சுக்காதீங்கன்னு கேட்டு விடுதலையான அஞ்சு பேரை ஆன்மீகச் சமூகம்னு சொன்னா அது அவங்க தலையில கை வெச்சு அவங்க சொன்னதையே அழிக்கற வேலை இல்லையா?

கிறிஸ்தவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லையே, ஆத்துமான்னு தினமும் ஜெபத்துல சொல்றோமேன்னு கேக்கலாம். அவங்களுக்குள்ளயும் இது முடிஞ்சுபோன விஷயம் இல்லை. இலங்கையில மெதடிஸ்ட் போதகரா இருந்த லின் டி சில்வா 1975ல ஒரு புத்தகமே எழுதினார், கடவுளைச் சாராம தன்னால நிலைச்சு நிக்கற ஆத்துமான்னு ஒண்ணு வேதாகமத்துல இல்லை, அந்த இடத்துல அனாத்மமும் வேதாகமம் மனுஷனைப் பாக்கற பார்வையும் பக்கத்துல பக்கத்துல வருதுன்னு. ரெண்டு மரபும் கை குலுக்கற இடமே அதுதான்னு ஒருத்தர் உழைச்சுக் காட்டியிருக்கார், நாம அந்த இடத்துலயே ஆன்மாவைக் கொண்டுபோய்ப் போடறோம்.

அடுத்தது சமூகம். இதை எழுதறவங்க எந்தக் காதோட எழுதறாங்கன்னே எனக்குப் புரியல. இன்ன சமூகத்தைச் சேர்ந்தவர்னு செய்தியில படிச்சா நமக்குத் தெரியும் அது எதைச் சொல்லுதுன்னு, சாதியைச் சொல்லக் கூச்சப்படறவங்க பிடிச்சுக்கிட்ட சொல் அது. பிறப்பு, குலம், ஆண் பெண் வித்தியாசம் எதுவும் இல்லாம ஒரே அப்பத்தைப் பகிரணும்னு வர்றவங்களுக்கு அந்தச் சொல்லைச் சூட்டணுமா. போதாக்குறைக்கு பழைய வேதாகமத் தமிழ்ல தேவ சமுகம்னா தேவனோட முன்னிலை, உம்முடைய சமுகத்தில்னு சங்கீதம் படிச்சு வளர்ந்தவங்களுக்கு ஆன்மீகச் சமூகம்னு கேட்டா அரை நொடி வேற எங்கயோ போய்ட்டுத்தான் வரும். எழுத்துல குறில் நெடில் வேற, ஆனா பேச்சுல யார் அதைப் பிரிச்சுக் கேக்கறாங்க.

சபைன்னு வெச்சுக்கலாமேன்னு ஒரு அண்ணன் சொன்னார், பாதிரியார் படிப்பு படிச்சவர், எனக்கு அவர் மேல ரொம்ப மரியாதை. அழகான சொல்தான், திருச்சபைன்னா கட்டடம் இல்லை, ஜனங்கன்னு அது சரியாச் சொல்லுது. ஆனா பௌத்தத்துல இருந்து வர்றவங்க சபைன்னு கேட்டதும் தன்னை யாரோ மதம் மாத்தப் பாக்கறாங்கன்னு நினைப்பாங்க, ஒரு பக்கம் சாய்ஞ்ச சொல். ஐக்கியமும் அப்படித்தான், அது சீர்திருத்த சபைக்காரங்க, அதாவது ப்ராட்டஸ்டன்ட்காரங்க நாக்குக்குள்ளயே நின்னுடுச்சு, வெளியில இருக்கறவங்களுக்கு ஐக்கியமாகறதுன்னா இறைவனோட கரைஞ்சு போறது.

சங்கம் சாயாத சொல். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்றேன். தமிழ்க் கத்தோலிக்கர் கிட்ட 1962ல இருந்து 1965 வரைக்கும் நடந்தது என்னன்னு கேளுங்க, இரண்டாம் வத்திக்கான் சங்கம்னு சொல்லுவாங்க. அந்தச் சங்கம்தான் 1965 அக்டோபர் 28ஆம் தேதி மத்த சமயங்களைப் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டு, அதுல பௌத்தத்தைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, இந்தச் சமயங்கள்ல உண்மையும் புனிதமுமா இருக்கற எதையும் திருச்சபை தள்ளறதில்லைன்னு சொல்லிச்சு. சீர்திருத்த சபைக்காரங்க வீட்டு வேதாகமத்தைப் புரட்டினா இந்திய வேதாகமச் சங்கம்னு இருக்கும். ரெண்டு வீட்டுலயும் ஏற்கனவே புழங்கற சொல்லை விட்டுட்டு எதுக்கு மூணாவதா ஒண்ணைத் தேடறோம்?

இதுக்கு எதிரா ஒரே ஒரு வாதம்தான் என்னை யோசிக்க வெச்சது. சங்கம்னா இன்னிக்கு சந்தா, செயலாளர், பொருளாளர், தேர்தல், கோரிக்கை மனு இதெல்லாம்தானே ஞாபகம் வருது, தொழிற்சங்கம் மாதிரி இருக்கேன்னு. நியாயமான கேள்விதான். ஆனா புத்தர் காலத்துலயும் அது கோயில் சொல் இல்லை. ராஜா இல்லாம கூடிப் பேசி முடிவெடுத்து ஆண்ட குடிகளுக்கு கணம், சங்கம்னு பேர் இருந்துச்சு, சமஸ்கிருத இலக்கணம் எழுதின பாணினியும் அந்தப் பொருள்ல சொல்றார். அந்த அரசியல் சொல்லைத்தான் புத்தர் எடுத்துத் தன் பிக்குகளுக்கு வெச்சார். இந்தப் பக்கம் கிரேக்கத்துல எக்லேசியான்னா என்ன, ஏதென்ஸ் குடிமக்கள் குன்று மேல கூடி ஓட்டுப் போடற கூட்டம், சில முடிவுக்கு 6000 பேர் இருந்தாகணும். முதல் கிறிஸ்தவங்க அந்தச் சொல்லை எடுத்துத் தங்களுக்கு வெச்சாங்க, நம்ம திருச்சபை அதோட மொழிபெயர்ப்புதான். ரெண்டு பேரும் கோயிலைப் பாக்காம, ஜனங்க சரிசமமா உக்காந்து பேசற இடத்தைப் பாத்து பேர் எடுத்திருக்காங்க! அதனால சந்தா வாசனை அடிக்கறது எனக்குக் குறையாவே தெரியல, யாரும் யாருக்கும் மேல இல்லைங்கற நினைப்பு அந்தச் சொல்லோடயே வருது.

பிக்குகளை மட்டும்தான் சங்கம்னு சொல்லணும், வீட்டுல இருக்கறவங்களைச் சொல்லக்கூடாதுன்னு தேரவாதங்கற பழைய பௌத்த மரபு தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. பிக்குகளோட ஒழுக்க விதிகளான விநயப்படி நாலு பிக்குகளாவது சேர்ந்தாத்தான் சங்கம். அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனா வியட்நாம் பௌத்தத் துறவி திக் நாட் ஹான் 1982ல பிரான்ஸ்ல பிளம் கிராமங்கற தியான மடத்தை ஆரம்பிச்சப்பறம் துறவியும் குடும்பஸ்தரும் சேர்ந்து உக்கார்றதையே சங்கம்னு பழக்கிட்டார், இன்னிக்கு இந்த வார்த்தையைத் தேடி வர்றவங்க அந்தப் பொருள்லதான் வர்றாங்க. ரெண்டு மூணு பேர் என் பேரால எங்க கூடறாங்களோ அங்க நான் நடுவுல இருக்கேன்னு மத்தேயு 18ல இயேசு சொல்றார். அவருக்கு ரெண்டு மூணு பேர் போதும், விநயத்துக்கு நாலு வேணும், ஒண்ணு ரெண்டு ஆள்தான் வித்தியாசம்.

அப்புறம் முன்னாடி சொன்ன வரியில வர்ற அந்தக் "கலக்கும்". பாலும் தண்ணியுமா கலந்தா கலப்படம்னு சொல்ற மொழி இது, கலப்பு மதம்னு யாராவது தன்னைச் சொல்லிப்பாங்களா? திக் நாட் ஹானோட குடில்ல பூஜை இடத்துல புத்தர் படமும் இயேசு படமும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு, ஊதுவத்தி ஏத்தறப்ப ரெண்டு பேரையும் தன் மூதாதையரா நினைக்கறேன்னு 1995ல எழுதியிருக்கார். மூதாதையர்ங்கற சொல்லைக் கவனிங்க. ஒரு பிள்ளைக்கு அப்பா வழியும் இருக்கு, அம்மா வழியும் இருக்கு, அதை யாரும் கலவைன்னு சொல்ல மாட்டோம். அதனால நான் எழுதறது இருமரபுச் சங்கம். முற்போக்கு வேணும்னா முற்போக்குக் கிறிஸ்தவம்னு முன்னாடி சொல்லிக்கலாம், அந்தச் சொல் நல்லாத்தான் இருக்கு, தாராளவாதம்னு மாத்தி அதைப் பொருளாதாரப் பாடமா ஆக்காம இருந்தாச் சரி.

மொழிபெயர்க்கிறவங்க மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொன்னா அது பொய். மைண்ட்ஃபுல்னஸ்ஸை மனநிறைவுன்னு எழுதறாங்க, மனநிறைவுன்னா திருப்தி, வயிறு நிறைஞ்ச மாதிரி மனசு நிறையறது, அழுதுட்டு உக்காந்திருக்கறப்பவும் அந்த அழுகையைக் கவனிக்கறதுக்கு இது எப்படிப் பேராகும்? தமிழ் பௌத்தத்துல நற்கடைப்பிடின்னு ஒரு சொல் இருக்கு, அது கனமா இருந்தா விழிப்புன்னு எழுதுங்க. துக்கத்துல இருக்கற ஒருத்தர் அந்த ஒரு சொல்லை நம்பி உள்ள வர்றார், மனநிறைவு வரலையே, எனக்கு இது கைகூடலைன்னு விட்டுட்டுப் போயிடறார். அப்படிப் போனவங்களை எனக்குத் தெரியும்.

கூட்டம் முடிஞ்சப்பறம் அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன், கொஞ்சம் நீளமாத்தான். நேத்து அவர் கிட்ட இருந்து அடுத்த கூடுகைக்கான அறிவிப்பு வந்தது, "நம்ம சங்கம் வியாழக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு கூடுது"ன்னு. அந்தம்மா கீழ "வரேன்பா"ன்னு போட்டிருந்தாங்க.